அக்கா படத்துக்கு மாலை

அக்காவுக்குப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து கதிர்வீச்சுக் கரண்டு வைத்துக்கொண்டிருந்த சமயத்தில், எங்கள் அண்ணனும் மதினியும் வள்ளியூரிலிருந்து ஒரே ஒரு தடவை பார்க்க வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு இல்லை, விக்கிரமசிங்கபுரத்தில் அக்கா வீட்டுக்கு. எனக்குத்தான் அவன் அண்ணன், அக்காவுக்குத் தம்பி. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவன் அறைக்குள் வரவில்லை. வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "எப்படி இருக்கு?" என்று கேட்டான். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் முன்வாசலுக்குப் போய் அத்தானோடு தன் பாத்திரக்கடை வியாபாரத்தைப் பேச ஆரம்பித்துவிட்டான்.

மதினி அடுக்களை வரை வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டதாக நினைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"நல்ல சேலையா உடுத்தி, பெரிய பொட்டா வச்சு, இப்பமே படம் ஒண்ணு எடுத்து வச்சுக்கிடுங்க. பொறவு தேடினா ஆம்புடாது. எங்கம்மைக்கு ரேஷன் கார்டுல இருந்த படத்தத்தான் பெருசாக்கினோம். பாக்கச் சகிக்கல."

அடுக்களைக்கும் அக்கா படுத்திருந்த கட்டிலுக்கும் நடுவே ஒரு ஒற்றைச் சுவர். அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் யாரையும் தன்னைப் படம் எடுக்க விட்டதில்லை. செல்போனைக் கையில் தூக்கினாலே முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். ஓசூரில் இருக்கும் மகள் வீடியோவில் கூப்பிட்டால் போனைத் திருப்பி ஃபேனைக் காட்டியபடி பேசுவாள். மகளும் பாவம், ஃபேனைப் பார்த்துக்கொண்டே "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பாள்.

"எடுக்காதட்டி. எடுத்தா அதத்தான் பெருசாக்கி மாட்டுவிய" என்பாள் என்னிடம்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் வீடுகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒருத்தி தனியாக இருந்தால் அவள் உயிரோடு இல்லை என்று பொருள். கல்யாணப் படத்தில் புருஷன் பக்கத்தில் நிற்கலாம். பேரப்பிள்ளையின் காதுகுத்துப் படத்தில் ஓரமாக உட்காரலாம். தனியாகச் சுவரில் ஏறுவதெல்லாம் பதினாறாம் நாளில்தான். அப்போது ஏறினால் பிறகு இறக்குவதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பூ மாறும், அவ்வளவுதான்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். பரீட்சை நெருங்கினால் என் வகுப்பைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வாள். பரீட்சை நெருங்காவிட்டாலும் எடுத்துக்கொள்வாள். ஆண்டுவிழா மேடைக்குத் தெர்மோகோல் மயில் வெட்டுவதுதான் இத்தனை வருஷத்தில் நான் ஆற்றிய கலைத்தொண்டு. வீட்டில் கரிக்குச்சியால் முகங்கள் வரைவேன். வரைந்ததைக் கட்டிலுக்கு அடியில் சொருகி வைப்பேன். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் யாராவது வீட்டுக்கு வந்தால் "இவ கரிக்கடை வச்சிருக்கா, கட்டிலுக்கு அடியில சரக்கு இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். ஒருத்தராவது குனிந்து பார்த்ததில்லை.

அப்போதுதான் அந்தத் திருவிழா வந்தது. தாமிரபரணி கடலில் சேருகிற பக்கம் இருக்கிற ஊர் அது. பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்கள் தலை உருள வேண்டாம். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சில இளைஞர்கள் வந்து 'திறந்த கலை விழா' என்று ஒன்றைப் புதிதாக ஆரம்பித்தார்கள். கூட்டம் போட்டு விளக்கினார்கள். தேர்வுக்குழு கிடையாது, நடுவர் கிடையாது, யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஊர்க்காரர்கள் தங்கள் இடங்களைக் கொடுப்பார்கள், அங்கே நம் கலையை நாம் வைக்கலாம், ஆடலாம், பாடலாம். கூட்டம் முடியுமுன்பே என் பெயரைக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை என்பதை இத்தனை வயதுக்கு மேல் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, எங்கேயாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் புரியாது.

ஒருத்தர் வலை வைக்கும் அறையைக் கொடுத்தார், ஒருத்தர் டீக்கடையில் பாதியைக் கொடுத்தார். எனக்கு வாய்த்தது ஓட்டம் நின்றுபோன ஐஸ் கம்பெனியின் நீளமான கொட்டகை. அதன் சொந்தக்கார அண்ணாச்சி சாவியைக் கையில் கொடுத்தபோது சொன்னார்:

"மீனு வச்ச இடம் தாயி. வாடை இருக்கத்தான் செய்யும். படத்துக்கு மூக்கு இல்லைலா, பரவால்ல."

உயிரோடு இருக்கிற சாதாரணப் பெண்களைப் பெரிய பெரிய படமாக வரைந்து மாட்டுவது என்று முடிவு செய்தேன். எங்கள் பள்ளி ஆயா, எதிர்வீட்டு டீச்சரம்மா, எனக்கு ரவிக்கை தைக்கும் பெண், இப்படி ஏழு பேர் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு வேண்டியது எட்டாவது படம். மற்ற ஏழும் அதற்குத் துணைக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்றாள்.

"கேளுக்கா முதல்ல. செத்தவளுக்குத்தான் படமா? இருக்கவள வரையப்போறேன். இருக்கான்னு காட்டத்தான் வரையப்போறேன்."

"யாருக்குக் காட்டப்போற?"

"எல்லாருக்கும்."

"எல்லாரையும் தூக்கிக் குப்பையில போடு. அவனுக்குக் காட்டுவியா?"

அவன் என்றால் யார் என்று நான் கேட்க வேண்டியதிருக்கவில்லை. காட்டுவேன் என்றேன். அவள் கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்தாள். பிறகு சொன்னாள்: "அப்பம் ஒண்ணு. படம் மட்டும் தனியாத் தொங்கப்படாது. தொறக்குத அன்னைக்கு நானே வருவேன். படத்துக்குப் பக்கத்துல நிப்பேன். பாக்குதவன் படத்தயும் பாக்கணும், என்னையும் பாக்கணும். அவனையும் வரச் சொல்லு."

அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். தம்பி வந்து, வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், அவளை நேராக ஒரு தடவை பார்க்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஞாயிறு தோறும் பஸ் ஏறிப் போய் வரைந்தேன். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். மருந்தில் கொட்டின முடி திரும்ப முளைத்துக்கொண்டிருந்தது. பழைய முடி நீளமும் நேருமாக இருக்கும். புதிதாக வந்தது சுருட்டையாக வந்தது. "எல்லாரும் காசு குடுத்துச் சுருட்டுதாளுவ, எனக்குச் சும்மா கெடச்சிருக்கு பாரு" என்பாள். தலையை மூட மாட்டேன் என்றாள். "சிரிக்கவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பால்காரரைத் திட்ட வாயெடுக்கும் முன் ஒரு பார்வை பார்ப்பாள், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அத்தான் நூல் ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பேச்சு குறைவு. நான் வரையும்போது அடிக்கடி பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் எனக்குப் பிடித்த ஓமப்பொடி வாங்கி வருவார்.

படம் முடிந்த அன்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஏட்டி," என்றாள் கடைசியில். "நான் இருக்கேன் போலுக்கே."

நான் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். அத்தான் ஓமப்பொடிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "அக்கா படம் வைக்கேன். அக்காளே வாரா. ஒங்களைக் கட்டாயம் வரச் சொன்னா" என்றேன். "கடையப் போட்டுட்டு எங்கட்டி வர? பாக்கேன்" என்றான். அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

கடல் காற்று ஈரம் கரிப்படத்தை அரித்துவிடும் என்பதால் எட்டையும் கண்ணாடிச் சட்டம் போட்டுத்தான் கொண்டுபோனேன். தப்பு என்னுடையது என்று பிறகு பலபேர் சொன்னார்கள். சட்டம் போடாமல் இருந்திருக்கலாமாம். போங்கள், உப்புக் காற்றில் கரிப்படத்தை வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். 'இவர்கள் எல்லாரும் நம்மோடு இருக்கிறார்கள்' என்று என் கையாலேயே பெரிதாக எழுதி ஒரு பலகையும் செய்திருந்தேன். விழாக்காரப் பெண் ஒருத்தி, நல்ல பெண்தான், அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அக்கா, இது ரொம்ப எக்ஸ்ப்ளெயின் பண்ணுது. எழுத்தே வேண்டாம். பாக்கறவங்க அவங்களே புரிஞ்சுக்கட்டும்."

படித்த பிள்ளை, நாலு கண்காட்சி பார்த்த பிள்ளை, தெரியாமலா சொல்லும் என்று பலகையைக் கழற்றிச் சுவரோரம் திருப்பி வைத்தேன்.

தொடக்க நாள் மத்தியானம். அக்காவையும் அத்தானையும் திருநெல்வேலி புதுப் பஸ் ஸ்டாண்டில் போய்க் கூப்பிட்டுக்கொண்டு காரில் கிளம்பினோம். அக்கா அரக்குப் பட்டு உடுத்தியிருந்தாள். பூ வைக்கத் தலையில் முடி போதாது. அதற்காக விடுவாளா, ஹேர்பின்னை இரண்டு பக்கமும் குத்தி எப்படியோ ஒரு துண்டு பிச்சிப்பூவை நிறுத்தியிருந்தாள். வழியெல்லாம் பேச்சுத்தான். கொற்கைக்குப் பிரிகிற ரோட்டைக் கண்டதும் "ஒரு காலத்துல இங்கனதான் கடல் இருந்துச்சாம், இப்பம் பாரு கருவேல மரமா நிக்கு" என்றாள். பிறகு மெதுவாக, "அவன் வந்திருப்பானா?" என்று கேட்டாள். வந்திருப்பான் என்றேன். அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஐஸ் கம்பெனி வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு கூட்டமா! என் படத்தைப் பார்க்க, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இத்தனை பேரா! அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே மீன் வாடை இல்லை. ஊதுபத்தி மணம் அடித்தது.

எட்டுப் படத்துக்கும் செவ்வந்தி மாலை விழுந்திருந்தது. கண்ணாடியின் மேல், நெற்றி இருக்கிற இடமாகப் பார்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு அகல். வாழைப்பழத்தில் குத்தின ஊதுபத்தி. ஊர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு படம் படமாக நின்று நகர்ந்துகொண்டிருந்தார்கள். சிலர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அக்கா என் கையை விட்டுவிட்டு நேராகத் தன் படத்தை நோக்கி நடந்தாள். அங்கே மீன்கூடையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு ஒரு அம்மா படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"எப்பம் செத்தாகளாம்?" என்று கேட்டாள் அக்கா.

"தெரியலம்மா," என்றாள் அந்த அம்மா, திரும்பாமலே. "நல்ல களையான முகம். சீக்கு வந்து போயிருப்பாவ போலுக்கு. அந்த முடியப் பாத்தியளா..." என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். அக்காவின் தலையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள்.

"ஏ மாதாவே!"

அப்படியே அக்காவின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மீன் ஈரம் காயாத கை. "தெரியாமச் சொல்லிட்டேன் தாயி. நீங்க நல்லா இருக்கணும். என் ஆயுசையும் சேத்து இருக்கணும்" என்று தேம்பினாள். அவளே எம்பி மாலையைக் கழற்றிக் கீழே போட்டாள். முந்தானையால் கண்ணாடிக் குங்குமத்தைத் துடைத்தாள். அது இன்னும் பரவி, அக்காவின் நெற்றி முழுக்கச் சிவப்பானது.

பந்தல் போடும் அண்ணாச்சியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். விழாக்காரர்கள் அவரிடம், தொடக்க விழா, எல்லா இடத்திலும் பூ அலங்காரம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் கையைப் பிசைந்தார்.

"நான் என்னத்தக் கண்டேன் தாயி? கொட்டகையத் தொறந்தா எட்டுப் பொம்பளையாளுவ படம். எல்லாம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு. ஒருத்தியும் சிரிக்கல. எழுத்து ஒண்ணும் இல்ல. சுனாமியில போனவங்களோன்னு நெனச்சேன். வெறும் சுவரா விட மனசு வரல. நல்ல மாலையாப் பாத்து நானே கட்டச் சொல்லிப் போட்டேன்."

அவரை என்ன சொல்வது? அவருடைய மரியாதையை அவர் செய்திருக்கிறார். பார்க்கிறவர்கள் அவர்களே புரிந்துகொண்டார்கள். என் ஆத்திரமெல்லாம் பலகையைக் கழற்றச் சொன்ன அந்த விழாக்காரப் பெண் மேல் திரும்பியது. அவளைத் தேடினால் அவள் கொட்டகையின் கோடியில் நின்று போனை உயரத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். "அக்கா, இது தப்பா நடந்ததுதான். ஆனா விஷுவலா ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கு" என்றாள். அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன், என் வீட்டுக்காரர் அங்கே இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். அத்தான் வந்து என் தோளைப் பிடித்தார். காலையிலேயே எடுத்த இன்னொரு படத்தை அவர்கள் ஏற்கெனவே தங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டிருந்தார்கள். மாலையும் விளக்குமாக, நடுவில் அக்கா. இந்த வருஷ விழா அழைப்பிலும் அதே படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். அடப் பாவிகளா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பட்டுச்சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். ஆனால் யாரால் பார்க்க முடியும்? எல்லாருக்கும் வெட்கமாகிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவராக வெளியேறிச் செருப்பை மாட்டினார்கள். வாசலில் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "துட்டி இல்லையாம்ட்டி, ஒருத்தரும் சாகலையாம். தலைக்கு ஊத்த வேண்டாம்" என்று சொன்னது உள்ளே எங்களுக்குக் கேட்டது. கொட்டகையில் நாங்கள் மூன்று பேரும், கழற்றாத ஏழு மாலையும் மிஞ்சினோம். அண்ணன் வரவில்லை.

"போவமா?" என்றாள் அக்கா.

திரும்பும் வழியில் என் போன் அடங்கவில்லை. விழாக்காரர்கள் போட்ட படத்தை யாரோ சொந்தபந்தமெல்லாம் இருக்கிற எங்கள் சொக்காரர் வாட்ஸ்அப் குழுவில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். 'ஆழ்ந்த இரங்கல்.' 'சிவனடி சேர்ந்தார்.' கூப்பிய கைகள், எரியும் விளக்குகள். அக்கா போனை வாங்கிக்கொண்டாள். முதல் காரியமாக ஓசூருக்குக் கூப்பிட்டு, "நான்தான்ட்டி. ஒண்ணுமில்ல, இருக்கேன். எவன் என்ன சொன்னாலும் நம்பாத" என்று சொல்லி வைத்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக உரக்க வாசித்தாள்.

"இந்தா பாரு, சித்தி போட்டிருக்கா. 'தங்கமான குணம்.' மூதி, என்னை வையாத நாள் உண்டுமா இவளுக்கு? இப்பம் தங்கமா ஆயிட்டேன்."

"பதில் போட்டுரலாம்க்கா" என்றேன்.

"ஒருத்தருக்கும் போடாத. போடட்டும், பாப்போம்."

அப்போது அண்ணன் கூப்பிட்டான். அக்கா போனை என்னிடம் நீட்டினாள். அவன் குரல் எப்போதும் பெரிசு, ஸ்பீக்கரே தேவையில்லை.

"எப்பம் எடுக்காக?" என்று கேட்டான்.

எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை. எப்போது ஆச்சு என்று கேட்கவில்லை. கஷ்டப்பட்டாளா, யார் பக்கத்தில் இருந்தது, ஒன்றும் இல்லை. எப்போது எடுக்கிறார்கள், அது மட்டும் தெரிய வேண்டும். அக்கா ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் திருப்பாமல், பைய, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"காலையில வீட்டுக்கு வரச் சொல்லு."

"காலையில அக்கா வீட்டுக்கு வாங்கண்ணே" என்றேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவன் "சரி" என்று வைத்துவிட்டான்.

அன்று நான் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன். விடிந்ததும் அக்கா அதே அரக்குப் பட்டை உடுத்தி, நேற்றைய பிச்சிப்பூவையே திரும்பவும் தலையில் குத்திக்கொண்டு, முன்னறையில் வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். காப்பிக்குப் பால் கூடுதலாக வாங்கச் சொன்னாள். "எத்தனை பேர் வருவானுவளோ" என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கல்யாண வீட்டில் சம்பந்திக்குக் காத்திருப்பவள் மாதிரிப் பரபரப்பாக இருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், தம்பி வந்து பார்த்ததும் சிரித்துவிடுவான், தானும் சிரித்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கார் வந்து நின்றது. மதினி கேட்டைத் திறக்கும்போதே மாரில் அடித்துக்கொண்டு, "எங்களை விட்டுட்டுப் போயிட்டியளே மதினி" என்று ஆரம்பித்தாள். பின்னால் அண்ணன், கையில் ரோஜா மாலையோடு. அவனுக்குப் பின்னால் வள்ளியூர் மாமாவும் அத்தையும். மதினி வாசற்படியில் கால் வைத்து நிமிர்ந்தாள். ஒப்பாரி பாதியில் நின்றது.

"வா," என்றாள் அக்கா. "எல்லாரும் வாங்க. உக்காருங்க."

ஒருத்தரும் அசையவில்லை. அண்ணன் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதே கை, அதே மாதிரி. அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"என்னட்டி கூத்து இது? மனுசன் கடைய அடச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன்."

"அவள ஏம்லே வையுத? வரச் சொன்னது நான்" என்றாள் அக்கா. "நேத்தைக்கு என்னயப் பாக்க வாலேன்னு கூப்பிட்டேன். கடைய அடைக்க முடியலன்ன. இன்னைக்கு எப்படி அடச்ச? செத்தாத்தான் வருவ போலுக்கே."

அவன் முகம் கறுத்துவிட்டது. அவமானப்பட்டவன் முகம்தான் அது. அக்கா உயிரோடு இருக்கிறாளே என்று அவன் கண்ணில் ஒரு மின்னலாவது தெரியுமா என்று பார்த்தேன். கிடையாது. அவனை நாங்கள் ஏமாற்றிவிட்டோம், அவ்வளவுதான் அவனுக்கு.

அக்காவின் குரல் அப்போதுதான் இறங்கியது. "உள்ள வாலே," என்றாள். "இது ஒட்டுத சீக்கு இல்லலே. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ."

பதில் சொன்னது மதினி. "துட்டிக்குன்னு கெளம்பி வந்தாச்சு. இனி வீட்டுக்குப் போயிக் குளிக்காம எங்கயும் பல்லுல தண்ணி படப்படாது."

அக்கா அவளையே பார்த்தாள். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. நான் போய் அணைக்கவில்லை.

முதலில் மாமா திரும்பினார். பிறகு அத்தை, மதினி. கடைசியாக அண்ணன். துட்டி வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. "போயிட்டு வாரேன்" என்ற வார்த்தையை அங்கே சொல்லக் கூடாது. வந்ததுபோல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அவர்கள் அப்படித்தான் போனார்கள். அக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கார்க் கதவுகள் மூடுகிறவரை காத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள். கார் கிளம்பிப் போய்விட்டது. ரோஜா மாலையைக் காம்பவுண்டுச் சுவரின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அத்தான் போய் அதை எடுத்துத் தெருக்கோடியில் போட்டுவிட்டு வந்தார்.

அக்கா எழுந்தாள். தலையிலிருந்த ஹேர்பின்களை ஒவ்வொன்றாக உருவி ஜன்னல் திட்டில் வைத்தாள். நேற்றைய பிச்சிப்பூ வாடித் தரையில் உதிர்ந்தது.

"வென்னி போடுட்டி," என்றாள் என்னிடம். "தலைக்கு ஊத்தணும்."

யார் துட்டிக்கு என்று நான் கேட்கவில்லை. போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.